இளைத்துப்போன மணல் மூட்டைகள்

அன்புள்ள அக்கா மகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கும் வரியை இந்த முறை விட்டுவிட்டேன். மாப்பிள்ளை காலில் கம்பி வைத்துப் படுத்திருக்கும்போது அதைக் கேட்பவன் மனிதன் இல்லை.

இது நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். கிழமையும் நேரமும்தான் சொல்லவில்லை. சக்கரம் கழலும், அதுவும் நிறைந்த குப்பைத் தொட்டியில் கழலும், இழுக்கிறவன் காலில்தான் சாயும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நம் குடும்பத்தில் எனக்கு மட்டும் அந்தப் பார்வை உண்டு. உன் அம்மாவுக்குப் பெண் பிறக்கும் என்று சொன்னதும் நான்தான். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்று என்னைச் சொல்வார்கள். நிறுத்தியது பள்ளிக்கூடம், நான் இல்லை.

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் நடுவில் நின்றுவிடும். புதன்கிழமை விசாரணையில் காட்ட எழுத்தில் வேண்டும் என்றும் கேட்டாய். எழுதுகிறேன். எழுத எழுதக் கொதிக்கிறது, அதனால்தான் கையெழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது. பேனாவைக் குறை சொல்லாதே.

முதலில் அந்தக் கம்பெனிக் கடிதம், தொட்டியைச் செய்து விற்ற எங்கள் தொழிற்சாலை எழுதியது. நீ படம் எடுத்து அனுப்பியதை மூன்று தடவை படித்தேன். தொட்டியில் அளவுக்கு மீறிக் குப்பை ஏற்றப்பட்டதாம், ஊழியர் தவறான முறையில் இழுத்தாராம். பதினோரு வருஷமாகத் தெருத் தெருவாகக் குப்பைத் தொட்டியை லாரிக்கு இழுத்துக் கொடுக்கிற மனிதனுக்கு இழுக்கத் தெரியாதாம்! தான் உட்கார்கிற நாற்காலியைக்கூடத் தானாக இழுத்துப் போடாதவன் எழுதியிருக்கிறான். இதை நம்பித்தான் நகராட்சியில் அவர் வேலையைப் பறிக்கப் பார்க்கிறார்கள். காலுக்குக் கட்டுப் போடலாம். தப்பு உன்மேல் என்று எழுதிவிட்டால் அதற்கு எந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம்?

நான் அந்தத் தொட்டித் தொழிற்சாலையின் சோதனைக் கொட்டகையில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். என்ன செய்கிறேன் என்பது தெரியாது. ஒவ்வொரு மாத வார்ப்பிலும் மூன்று தொட்டிகளை எடுத்து எங்களிடம் தள்ளுவார்கள். கொட்டகையில் நடைபாதை உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு படி கட்டியிருக்கிறது. தெருவில் மாப்பிள்ளை செய்வதையே நாங்கள் அங்கே செய்ய வேண்டும். நிறைந்த தொட்டியை அந்தப் படியிலிருந்து தடால் தடால் என்று ஆயிரம் முறை இறக்க வேண்டும். இரண்டு சக்கரத்தையும் கோக்கிற அச்சுக்கம்பி வளையக் கூடாது, சக்கரம் கழலக் கூடாது. குப்பைக்குப் பதில் மணல் மூட்டை. மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ, தொட்டிக்கு நான்கு மூட்டை, ஆக நூறு கிலோ. மூட்டைமேல் கறுப்புப் பெயிண்டில் 25 என்று எழுதியவன் நான்தான், அச்சடித்த மாதிரி இருக்கும். தூக்கிப் போடுகிறவனும் நான்தான். முன்பெல்லாம் எனக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. இப்போது ஒரு வருஷமாக ஒற்றைக் கை போதும். எல்லாம் காலை நடையின் பலன்.

இதற்கு மேல் ஒரு அதிகாரி. நாங்கள் வைத்த பெயர் டிக் துரை. படிவத்தில் பதினெட்டுக் கட்டம் இருக்கும், டீ ஆறுவதற்குள் பதினெட்டுக்கும் டிக் போட்டுவிடுவார். ஆயிரத்துக்கு எழுநூறோடு நிறுத்தினாலும் டிக். தொட்டி பச்சையா நீலமா என்று கேட்டால் சொல்லமாட்டார்.

இப்போது கேள். மூட்டை ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் தையல் வழியாகக் கொஞ்சம் மணல் சிந்தும். சாயங்காலம் கூட்டினால் இரண்டு கைப்பிடி தேறும். அதைத் திரும்ப மூட்டைக்குள் போட வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. தொழிற்சாலை வாசலில் லாரி ஏறி இறங்கி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. யானை இறங்கினால் தும்பிக்கைகூட வெளியே தெரியாது. மணலை அள்ளிக்கொண்டுபோய் அதில் கொட்டினோம். இரண்டு வருஷத்தில் பள்ளம் மூடிவிட்டது. வாசலைச் சீராக வைத்திருக்கிறோம் என்று எங்களைப் பாராட்டினார்கள். பள்ளம் நிறைந்தது, மூட்டை இளைத்தது. கணக்கு மட்டும் இளைக்கவில்லை. நான்கு மூட்டை, நூறு கிலோ, டிக்.

அந்த நேரம் பார்த்துச் செலவைக் குறைக்கிறோம் என்று மெலிந்த அச்சுக்கம்பியை வாங்கிப் போட்டார்கள். உண்மையான நூறு கிலோ ஏறியிருந்தால் இருநூறாவது இறக்கத்திலேயே கம்பி வளைந்து காட்டிக் கொடுத்திருக்கும். எங்கள் மூட்டைக்கு அது அசையவில்லை. தெருவில் உண்மையான குப்பை ஏறியதும் முறிந்தது. நீ அனுப்பிய படத்தில் தொட்டியின் அடியில் இருந்த வார்ப்பு எண்ணைப் பார்த்தேன். நாங்கள் சோதித்துத் தேறியது என்று அனுப்பிய அதே வார்ப்பு.

மறுநாளே ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். தராசில் வைத்தான். பதினான்கரை. கடைக்காரன் பெயிண்ட் எழுத்தையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தான். "இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கே, இது மூட்டையோட எடையா, உன் வயசா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கையும் சேர்த்தால் அறுபதுகூட வராது. அந்த மூட்டை இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, எடைச் சீட்டும் இருக்கிறது. வீடெல்லாம் மண் என்று உன் அத்தை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும்.

இனி நான் எச்சரித்த கதை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் உனக்குச் சொன்னேனே, அதுதான். விபத்துக்கு ரொம்ப நாள் முன்பே மூட்டையோடு டிக் துரையின் அறைக்குள் போனேன். மேஜையில் ஓங்கித் தட்டிய தட்டில் டீ டம்ளர் எழும்பி அவர் சட்டையில் கவிழ்ந்தது. எடையில்லாத மூட்டையை வைத்துச் சோதித்தால் எவனாவது ஒருவன் கால் போகும் என்றேன். கொட்டகையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. எச்சரித்தும் கேட்கவில்லை என்று நிரூபித்தால் கம்பெனி வாய் திறக்க முடியாது என்று உங்கள் வக்கீல் சொன்னதாக எழுதியிருந்தாய். சரியான பேச்சு.

இதுவரை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பாப்பா, என் வாய் கொஞ்சம் தாராளம் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தில் யானை எல்லாம் இறங்காது, ஒரு ஆடு நிற்கும். ஆனால் மூட்டை, எடைச் சீட்டு, அச்சுக்கம்பி, டிக் எல்லாம் உண்மை. மேஜை மட்டும் பொய். நான் எந்த மேஜையையும் தட்டவில்லை. யாரிடமும் எதையும் முன்பே சொல்லவில்லை.

அந்த வார்ப்பைச் சோதித்த அன்று டிக் துரை அதிசயமாகக் கொட்டகைக்குள் வந்தார். நான் கைக்கு ஒன்றாக இரண்டு மூட்டைகளைத் தலைக்குமேல் தூக்கி, "பாத்தீங்களா சார், அம்பது கிலோ" என்றேன். அவர் கைதட்டினார். மூட்டை பஞ்சு மாதிரி இருந்தது. என் கைக்கு அது தெரிந்தது. கைதட்டல் நின்றுவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஊரையெல்லாம் திட்டி இவ்வளவு எழுதினேனே, அதில் பாதி எனக்கு வர வேண்டியது. மேஜைக் கதையை வக்கீல் எடுத்து வைத்தால் கம்பெனிக்காரன் கொட்டகை ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒரே கேள்வியில் உடைத்துவிடுவான். அதோடு மூட்டையும் பொய்யாகிவிடும், தப்பு மாப்பிள்ளை தலையில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அதனால் இந்தக் கடைசிப் பக்கத்தையும் சேர்த்தே காட்டு. என்மேல் பாவப்பட்டுக் கிழித்துவிடாதே. புதன்கிழமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். தூக்கிக் காட்டச் சொன்னால் அங்கேயும் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுகிறேன். என் வேலை போனால் போகட்டும், அவருடையது நிலைக்கட்டும்.

நான் வருவதற்கு முன் மாப்பிள்ளையிடம் நீயே இதைப் படித்துக் காட்டிவிடு. அவர் கால் சீக்கிரம் கூடித் தரையில் அழுந்த ஊன்றட்டும். அந்தக் காலால் முதல் உதை எனக்குத்தான் என்றாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன் தாய்மாமன்