கேட்டவர் கைத் தண்ணீர்

கோபம் வந்தால் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அப்புறம் உட்கார வைத்துச் சோறு போட்ட என் அக்காவுக்கு,

பாக்கியம் தேறிவிட்டாள். எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து யோசித்தும் ஒன்றும் ஓடவில்லை, அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள், நம் காசிமேட்டுக் குப்பத்துப் பெண், எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையில் தேறிவிட்டாள். அச்சாபீசில் எழுத்துக் கோத்துப் பிழைக்கிற உன் தம்பி நான், இந்தக் கடிதத்தையும் என் கையாலேயே கோத்து ஊரறியப் போடுகிறேன். முதலாளி முறைக்கிறார், முறைக்கட்டும்.

இந்தப் பரீட்சை என்னவென்று உனக்குத் தெரியாதே. சென்னை ராஜதானி முழுக்க ஒரே கேள்வித்தாள். திருநெல்வேலியில் வக்கீல் மகன் எழுதுவதும் அதுதான், ராயபுரத்தில் மீன்காரி மகள் எழுதுவதும் அதுதான். திருத்துகிறவருக்கு நம் பெயர் தெரியாது, குப்பம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். நினைத்தாலே எனக்குக் குஷி தாங்கவில்லை. நீ யார், எந்தத் தெரு என்று கேட்காமல் நம்மை இதுவரை எவர் எடை போட்டார்கள்?

தேறினால் உபாத்தியாயினிப் பயிற்சிப் பள்ளியில் இடம். தவறினால்? உன் வீட்டுக்காரர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"தேறலன்னா கூடைய தூக்கிகினு மீன் விக்கப் போவட்டும். இன்னொரு வருசம்னு என்னாண்ட வராதே."

அவர் சொன்னால் சொன்னதுதான். உனக்குத் தெரியாததா?

பரீட்சை அன்று காலை குப்பத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கட்டுமரம் தள்ளப் போகிறவனை எங்கே போகிறாய் என்று நம்மவர்கள் கேட்பார்களா, கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடாதா? அந்த மரியாதையை உன் மகளுக்கும் கொடுத்தார்கள். எதிரே வந்தவர்கள் எல்லாம் வாயைத் திறக்காமல் ஒதுங்கினார்கள். ஊர்வம்பெல்லாம் பேசுகிற எதிர்வீட்டு அஞ்சலை, எங்கே வாய் தவறிவிடுமோ என்று வெற்றிலையை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ராயபுரம் பள்ளிக்கூட வாசல் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அங்கே தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு பெரியவர், பரீட்சை மேற்பார்வையாளர். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எங்கேம்மா போறே?"

பாக்கியம் நின்றாள். அப்படியே வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இன்னாடி பண்றே? மணி அடிக்கப் போவுது," என்று கையைப் பிடித்தேன்.

"கேட்டுட்டாரு மாமா. வூட்டுக்குப் போய் குந்தி, தண்ணி குட்ச்சிட்டுத்தான் வரணும்."

"நீ போய் வர்றதுக்குள்ள கதவ சாத்திடுவாங்க. நம்ம வழக்கம் தெரிஞ்சா அவரு கேட்டாரு?"

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கும் தெருவுல யாரோ கேட்டாங்க. எனக்கு நல்லா ஞாபகம் கீது. அம்மா திரும்பாமயே போச்சு, மாமா."

பிடித்த கையை விட்டுவிட்டேன். அப்போது அவள் நாலு வயதுக் குழந்தை. இத்தனை வருஷமும் அதை மனதில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நீ திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தால் பிழைத்திருப்பாயா? நான் நம்பவில்லை. ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மணி அடித்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே போயாயிற்று. கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தினார்கள். பாக்கியம் இங்கும் அங்கும் பார்த்தாள். பிறகு வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்து பெரியவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானே ஐயா கேட்டீங்க. உங்க கையால கொஞ்சம் தண்ணி குடுங்க. குட்ச்சிட்டு எழுந்து வந்துட்றேன்."

அங்கே இருந்த தண்ணீர் அவர் தமக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாத் தண்ணீர் ஒன்றுதான். அதிலிருந்து குப்பத்துப் பெண்ணுக்கா? தலையைக் குனிந்துகொண்டேன்.

கூஜா திருகும் சத்தம் கேட்டது. மூடி நிறைய ஊற்றி அவள் கையில் கொடுத்தார்.

"கேட்டது என் தப்புதாம்மா. குடி, குடிச்சுட்டு ஓடு."

ஒரே மடக்காகக் குடித்தாள், ஓடினாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. அவர் அந்த மூடியைக் கழுவாமலே கூஜாவில் திருகினார், அக்கா. நான் என் கண்ணால் பார்த்தேன்.

நேற்று தேறியவர்களின் எண்கள் அச்சாகி வந்தன. எழுத்தைத் தலைகீழாகப் படித்தே பழகிய கண் இது. நேராக நின்ற அவள் எண்ணை நம்ப முடியாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் வீட்டுக்காரர் எழுந்து போய் அவளுக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

இன்று காலை பாக்கியம் தெருவில் இறங்கினாள். அஞ்சலை அவசரமாக வெற்றிலையை வாயில் திணித்தாள். இவள் நேரே அவளிடம் போய் நின்றாள்.

"துப்பு அத்தே. எங்க போறேன்னு கேளு."

அஞ்சலை என்னைப் பார்த்தாள், துப்பினாள், பயந்துகொண்டே கேட்டாள். "எங்கடி போறே?"

"வாத்தியாரம்மா படிப்பு படிக்கப் போறேன்."

அதோடு விட்டாளா? வீடு வீடாக நின்று கேட்கச் சொன்னாள். தெரு முழுக்கக் கேட்டது, தெரு முழுக்கச் சொன்னாள். அழுகையும் சிரிப்புமாக நான் பின்னாலேயே நடந்தேன்.

அவளுக்குப் பயம் விட்டுவிட்டது, அக்கா. எனக்கு விடவில்லை. பெட்டியோடு அவள் கிளம்புகிற அன்று, பயிற்சிப் பள்ளி வாசல் வரை ஒரு செம்புத் தண்ணீரோடு நான் கூடவே போவேன். இது உனக்குச் சத்தியம்.

உன் தம்பி, உன் மகளுக்குத் தாய்மாமன்,
ஏகாம்பரம்