கொம்புக்கு அடித்த சிவப்பு

1985 ஜனவரி 15, செவ்வாய்
பனி. தஞ்சாவூர் ரோட்டில் எதிரே வரும் பஸ் தெரியவில்லை. மாட்டுப் பொங்கல். நம் பெயிண்ட் கடை அரை நாள்தான். வருஷா வருஷம் போல மாடு வைத்திருக்கும் வீடுகளுக்குக் கொம்புக்கு அடிக்கப் பெயிண்ட், இனாம். இந்த முறை நீலம் காலி. ஜன்னல் கம்பிக்குத் துருப் பிடிக்காமல் அடிக்கிற சிவப்பு பிரைமர்தான் மிச்சம். ஐந்து வீட்டுக்கு ஐந்து சின்ன டப்பா. முதலில் எங்கள் பால்காரி பாப்பம்மாவுக்கு. "நீங்க குடுத்தாத்தாங்க எங்க லெச்சுமிக்குப் பொங்கல்." வீட்டில் மனைவி ரீட்டாவின் கேலி: "கிறிஸ்மஸுக்குக்கூட நீங்க இவ்வளவு குதிக்கலை."

17, வியாழன்
வாங்க: டர்பன்டைன், இரண்டு அங்குல பிரஷ் ஒரு டஜன், குழந்தை ஸ்டெல்லாவுக்கு இருமல் மருந்து.
பாப்பம்மா தன் மாடு லெச்சுமியை ஓட்டிப் போனாள். பளிச்சென்று கொம்பு. மிச்ச டப்பாவைக் கன்றுக்குட்டி நக்கிச் சுத்தமாக்கிவிட்டதாம். "தித்திப்பா இருக்கும் போல!" நானும் சிரித்தேன்.

19, சனி
கன்று பால் குடிக்கவில்லையாம். போய்ப் பார்த்தேன். பல்லை நறநறவென்று கடிக்கிறது. கண் திறந்திருக்கிறது, சுவரில் போய் முட்டுகிறது. மாட்டு டாக்டர் துறையூர் போயிருக்கிறார். நாளைதான் வருவார்.
கடையில் இருப்புக் கொள்ளவில்லை.

20, ஞாயிறு
பூசைக்குக் கிளம்பும்போதே செய்தி. கன்று போய்விட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஏதோ விஷம்" என்றார். பாப்பம்மா பக்கத்து வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "அவரைக்கொடிய மேஞ்சதுக்கு மருந்து வெச்சிட்டியேடா, பாவி!" அந்த வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தியமா நான் இல்லம்மா" என்றார்.
கூட்டத்தில் நானும் நின்றேன். டப்பா ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

21, திங்கள்
பெயிண்ட் கம்பெனி ஆள் ஆர்டருக்கு வந்தார். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.
"சிவப்பு பிரைமரா? ஈயம்தான் சார் அது. வெளிநாட்டுல பொம்மை, தொட்டிலுக்கெல்லாம் ஈயப் பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. மாடு நக்கினா மாடு போயிடும்."
இங்கே?
"இங்க யாரு சார் கேக்கறாங்க? எத்தனை டப்பா எழுதட்டும்?"
வேண்டாம் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.
மதியம் சைக்கிளில் மற்ற நான்கு வீட்டுக்கும் போனேன். சரக்கு மாறிப்போச்சு என்று புளுகி, டப்பாக்களைத் திரும்ப வாங்கினேன். கொம்பில் மாடு நாக்கை வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பாப்பம்மா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கோழை நான்.

22, செவ்வாய்
பாப்பம்மாவின் தெருமுனை வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரரோடு டீக்கடையில் ஒருவரும் பேசவில்லை. அவர் தனியாக நின்று குடித்தார். அதைப் பார்த்தபின் பொறுக்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போய் அவளிடம் சொன்னேன். மருந்து யாரும் வைக்கவில்லை, பெயிண்ட்தான், நான் கொடுத்ததுதான்.
திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கன்று கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள்.
"டப்பாவ லெச்சுமியும் நக்குச்சுங்களே. பால்ல எறங்குமா?"
தெரியாது என்றேன். டாக்டரைக் கேட்கும் வரை யாருக்கும் ஊற்றாதே என்றேன்.
"இன்னிக்குக் காலைல வரைக்கும் தெரு பூரா ஊத்திட்டேங்க. உங்க ஸ்டெல்லா பாப்பாவுக்கும் சேத்துத்தான்."