மெங்கா நீட்டிய கோப்பை

ஸ்க்ராங் ஆற்று மேல்கரை நீள்வீடு,
கவாய் அறுவடைத் திருவிழா முடிந்த வாரம்.

மீரி மருத்துவமனையில் தாதியாக இருக்கும் என் பேத்தி லயாங்குக்கு, உன் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன்னை நம் முன்னோர் நலமாக வைத்திருக்கட்டும்.

நீ கட்டிக்கொள்ள நினைக்கும் ரெங்கி பத்திரமாக வந்து சேர்ந்தான். அவனைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஒரே வார்த்தையில் எழுதச் சொல்லியிருந்தாய். ஒரே வார்த்தையில் சொல்ல நான் என்ன தந்தி ஆபீசா? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பொறுத்துக்கொண்டு படி.

படகை விட்டு இறங்கும்போதே பையன் களைத்திருந்தான். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லையாம். நான் சோறு எடுப்பதற்குள் நம் ஆண்பிள்ளைகள் அவனைக் கூடத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். கவாய்க்கு வருகிற விருந்தாளி நம் நீள்வீட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, ஒவ்வொரு குடும்பத்தின் கதவிலும் துவாக் வாங்கிக் குடிக்க வேண்டும், உனக்குத் தெரியாததா? வெறும் வயிறு, அரிசி ஊறிப் புளித்த புதுத் துவாக் கள். முதல் கதவில் ஒரு கோப்பைதான் குடித்தான். காது, கழுத்து, கண் எல்லாம் வெந்த இறால் போலச் சிவந்துவிட்டன. நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

கடைசிக் கதவுக்காரி மெங்கா சும்மா இருப்பாளா? அங்கிருந்தே கத்தினாள்: "அடியே, உன் பேத்தி புடிச்ச மாப்பிள்ளை வர்ற வழியிலேயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான்டி! மூஞ்சியப் பாரு, சேவக் கொண்டையாட்டம்!" கூடமே சிரித்தது. அவள் மகன், "ஊத்துங்கப்பா ஊத்துங்க, குடிக்கக் குடிக்கப் பழகிடும்" என்றான்.

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. உன் தாத்தாவிடம் மெங்கா சொன்னதும் அதே சொல்தான். வெள்ளம் நம் விதைநெல்லை அடித்துக்கொண்டு போன வருஷம் அது. பச்சைச் சட்டை போட்டிருந்தாள், கையில் பன்றித் தொடைக்கறி. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. உன் தாத்தாவுக்கும் இப்படித்தான் சிவக்கும். குரங்கு மூஞ்சி என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்காகவே மனுஷன் வருஷா வருஷம் குடித்தார். சிவப்பும் குறைந்தது, பழகிவிட்டான் என்று முதுகில் தட்டினார்கள். கடைசியில் வயிறு பானையாக வீங்கிப் போய்ச் சேர்ந்ததை நீ பார்க்கவில்லை, நீ அப்போது தொட்டிலில். அன்று முதல் மெங்கா வீட்டுத் தண்ணீரைக்கூட நான் தொட்டதில்லை.

போன தடவை வந்தபோது நீ சொன்னாய். சில பேர் உடம்பு குடியைப் பாதிவரைதான் உடைக்குமாம், மீதி உடையாமல் விஷமாகத் தேங்குமாம், அந்த விஷம்தான் முகத்தைச் சிவக்க வைக்கிறதாம். பழகினால் சிவப்பு மறைந்தாலும் மறையும், விஷம் மறையாது என்றாய். நான் கேட்காதவள் போல அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ரெங்கியை உட்கார வைத்து, மூங்கிலில் வெந்த கோழியும் சோறும் போட்டேன். வயிறு நிறைந்ததும் அவனுக்கு முன்னால் நான் நடந்தேன். கொடுத்ததைக் குடிக்க முடியாதவன் விரலால் தொட்டு உதட்டில் வைத்தால் போதும், ஒரு கேடும் வராது என்பது நம் வழக்கம்தானே. பையன் என் காதில், "பாட்டி, நான் குடிச்சிடுறேன், இல்லன்னா உங்களுக்குத்தான் கேவலம்" என்றான். "வாய மூடிக்கிட்டு வெரல நீட்டு" என்றேன்.

முணுமுணுத்தாலும் எல்லாக் கதவும் விட்டது. மெங்கா மட்டும் நிறைந்த கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வெரலாலயா குடும்பம் நடத்தப் போறான்? இதக் குடிக்கலன்னா இவன் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளை இல்ல" என்றாள். நீள்வீட்டுத் தலைவர் தடுப்பார் என்று பார்த்தேன், அவர் போதையில் தூணோடு பேசிக்கொண்டிருந்தார். ரெங்கி கையை நீட்டினான். நான் முந்திக்கொண்டேன். கோப்பையைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்த்தேன்.

"கோப்பை காலி. மாப்பிள்ளை உள்ள வந்தாச்சுடி" என்றேன். மெங்கா வாயைப் பிளந்து நின்றாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாரிடமும் சொல்லாதே, துவாக் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை குடித்தேனோ, அது ஒன்றுதான் என் ஞாபகத்தில் இல்லை. கூங்கு மணியை அடிக்க அடிக்க நான் ஆடினேனாம், மெங்காவைக் கட்டிப்பிடித்து மன்னித்தேன் என்றேனாம்.

விடிந்ததும் குடி வீரர்களைப் பார்க்க வேண்டுமே! கை நடுங்க, தலையைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார்கள். மெங்கா மகன் ஆற்றில் முங்கினான், குளிர்ந்தது, தெளியவில்லை. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், அதை விரட்ட முடியாது, குடியை எரித்து முடிக்கிறவரை உடம்பு சோற்றைக்கூட ஒதுக்கி வைத்துவிடும் என்று நீ சொன்னது அத்தனை பேர் மூஞ்சியிலும் எழுதியிருந்தது. ரெங்கி மட்டும் சோற்றுத் தெம்போடு விறகு பிளந்து, உப்புக்கருவாடு போட்டுக் கஞ்சி காய்ச்சி, கதவுக்குக் கதவு கொண்டுபோய்க் கொடுத்தான்.

மெங்கா தன் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தங்கமான புள்ளடி. ராத்திரி என்னை மன்னிச்சேன்னியே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "சொன்னது துவாக்கு. அது எரிஞ்சு போச்சு" என்றேன். கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

நம் கரும்பன்றி குட்டி போட்டிருக்கிறது. மிளகுக் கொடி இந்த வருஷம் பரவாயில்லை. கூரையில் ஒழுகின இடத்தை ரெங்கியே ஏறி அடைத்துவிட்டுப் போனான்.

பிடித்திருக்கிறது. போதுமா?

ஆனால் கல்யாணத்துக்கு நாள் கடத்தாதே. அந்த ராத்திரி குடித்தது மறுநாள் சாயங்காலம்வரை என் உடம்பை விட்டுப் போகவில்லை. வருகிற கவாய்க்கும் இதே கதவுகள் இருக்கும், இதே கோப்பைகள் இருக்கும். எத்தனை வருஷம் நான் அவனுக்கு முன்னால் நடக்க முடியும்? அந்த இடத்துக்கு நீ வந்து நில்.

அவன் தலை முழுக்க நரைத்து, பல்லெல்லாம் விழுந்து, உன்னைத் திட்டிக்கொண்டே உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காலம் உனக்கு வாய்க்கட்டும்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
பாட்டி