யாருக்கு எது ஒத்துக்காது?

மே 3, சனி

காலையில் மகள் போன் செய்தாள். கடலோரத்தில் ஐந்து நாளுக்கு வீடு எடுத்தாகிவிட்டதாம். நாங்கள் இருவர், அவர்கள் இருவர், பேத்தி. உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, இந்தத் தடவையும் அப்பாவும் இவரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா, அடுத்த வருஷத்துல இருந்து நீங்க தனி, நாங்க தனி. என்னால நடுவுல நிக்க முடியல."

அவளைக் குறை சொல்ல முடியாது. எட்டு மாதமாக நிற்கிறாள்.

எல்லாம் ஒரு கோலிக்குண்டால் வந்தது. மாப்பிள்ளை புது வீடு வாங்கி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்தவர். சட்டைப் பையில் கோலிக்குண்டு இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார். சமையலறைத் தரையில் அதை வைத்தார். அது தானாக உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. "மாப்பிள்ளை, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார், மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள் அத்தனை பேர் முன்னாலும். "மாமா, நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு" என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

துடைப்பக்கட்டையை விட்டுக் குண்டை வெளியே எடுத்து அவரிடம் கொடுத்தவள் நான். வீடு வந்ததும் அவர் அலமாரியில் வைத்ததை எடுத்து என் தையல் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அவருக்கு இன்னும் தெரியாது.

மே 5, திங்கள்

ஒரு யோசனை. அந்த ஊரில் பாறை மேல் ஒரு பெரிய உணவகம் இருக்கிறதாம். ஒன்பது சுற்றாகப் பரிமாறுவார்களாம், மூன்று மணி நேரம். சாதாரண ஓட்டலில் இவர்கள் இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். இங்கே எழுந்திருக்க முடியாது. பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் ஒன்றுமே படிக்காதவன்கூட நாலு வரி எழுதுவான். நாலு வரி போதும் எனக்கு.

விலையைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே விலைதான்.

மே 7, புதன்

மதியச் சாப்பாட்டுக்கு மேஜை பதிவு செய்துவிட்டேன். இவரிடம் சொன்னேன். "ஒம்போது தட்டா? எல்லாத்தையும் ஒரே தட்டுல வெச்சா அவங்களுக்குப் பாத்திரம் கழுவுற வேலை மிச்சம்தானே?"

விலையைச் சொல்லவில்லை.

மே 8, வியாழன்

ஷூ கட்டாயமாம். அதையும் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

உணவகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். தேன் குரல். என்ன மேஜை, எத்தனை பேர் எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க குடும்பத்துல யாருக்காவது ஒத்துக்காதுன்னு ஏதாவது இருக்குங்களா? முன்னாடியே சொல்லிட்டா கவனமா பாத்துக்குவோம்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த அக்கா தங்கைகூட இப்படிக் கேட்டதில்லை.

"இருக்கும்மா. என் வீட்டுக்காரருக்கும் மாப்பிள்ளைக்கும்."

"ரெண்டு பேருக்குமா! எப்ப இருந்துங்க?"

"எட்டு மாசமா."

"எதனாலன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"உருப்படியா ஒரு காரணம் இல்லம்மா. எதுல ஆரம்பிச்சாலும் அங்கதான் போய் நிக்குது."

"வந்துச்சுன்னா என்ன ஆகும்?"

"முகம் சிவந்துடும். பேச்சே வராது."

"ஐயோ, கவலைப்படாதீங்கம்மா. தலைமைச் சமையல்காரர்கிட்ட நானே சொல்லி வெக்கிறேன்."

தலைமைச் சமையல்காரர் வரைக்கும் போகிறதே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் என்ன அக்கறை! அந்த விலை எதற்கென்று இப்போதுதான் புரிகிறது.

மே 13, செவ்வாய்

கடலோர வீடு. அலைச் சத்தம் நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள்தான் சத்தமே இல்லை. இரண்டு ஆண்களுக்கும் நடுவில் பேத்திதான் தபால்காரி. "தாத்தா, அப்பா பேப்பர் கேக்கறாரு." "படிச்சிட்டு இருக்கேன்னு சொல்லு." "அப்பா, தாத்தா படிச்சிட்டு இருக்கேன்னு சொல்லச் சொன்னாரு." மூன்றடி தூரம். எட்டு வயசுக் குழந்தைக்கு இது விளையாட்டு. மகள் சன்னலைப் பார்த்தபடி நிற்கிறாள்.

கடவுளே, நாளை மறுநாள் நாலு வரி.

மே 15, வியாழன்

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் பழைய ஷூவை மகள் நைசாகக் கொடுக்க, யாருடையது என்று கேட்காமல் இவர் போட்டுக்கொண்டார். ஒரு சைஸ் பெரிசு. தொப் தொப்பென்று நடந்து வந்தார்.

முதல் தட்டு வந்தது. எங்கள் மூவருக்கும் சிப்பி ஒன்றின் மேல் புகை சுழன்றது. இவருக்கும் மாப்பிள்ளைக்கும் வேகவைத்த கேரட், ஒரே ஒரு வில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் தனி ஏற்பாடு சார்" என்றார் பரிமாறியவர். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தனி மரியாதையாம்!

இரண்டாவது தட்டு: எங்களுக்குத் தேன் சொட்டும் ஏதோ ஒன்று. அவர்களுக்கு உருளைக்கிழங்கு, அவித்தது. மூன்றாவது: எங்களுக்கு நுரை, பூ, பொன்னிறமாக ஒரு முறுகல். அவர்களுக்குப் பூசணிக்காய், அவித்தது. "அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் காய்ச்சலா?" என்றாள் பேத்தி.

எட்டு மாதத்தில் முதல்முறையாக இவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க இல்லை, தட்டைப் பார்க்க. அங்கே கூடுதலாக ஏதாவது இருக்கிறதா என்று.

நான்காவது தட்டு: பட்டாணி. இவர் கரண்டியிலிருந்து ஒன்று நழுவியது. மேஜையில் விழுந்து, உருண்டு, உருண்டு, மாப்பிள்ளையின் தம்ளரில் முட்டி நின்றது.

மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அந்தப் பட்டாணியையே பார்த்தார். பிறகு மெதுவாக, "மேஜை சாஞ்சிருக்கு மாமா" என்றார். அவரேதான் சொன்னார்!

"உங்க பக்கம் அரை விரல் தாழ்வு. உக்காந்தப்பவே பாத்தேன். எதுக்கு வம்புன்னு..." என்று இழுத்தார் இவர்.

"மெனு அட்டைய மடிச்சுக் காலுக்கு அடியில வெச்சா சரியாயிடும், மாமா."

"நாலா மடிங்க மாப்பிள்ளை. மூணு பத்தாது."

இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைமைச் சமையல்காரர் நலம் விசாரிக்க வந்தார். இரண்டு நாற்காலி காலி. கீழே நாலு ஷூ. "ஐயய்யோ, விழுந்துட்டாங்களா! தண்ணி கொண்டு வாங்க! டாக்டருக்குப் போன் போடுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஓட்டலே எழுந்து நின்றது.

கீழே குனிந்திருந்ததில் இருவர் முகமும் சிவந்திருந்தது. திகைப்பில் பேச்சு வரவில்லை. "அம்மா போன்ல சொன்ன மாதிரியே ஆகுது பாருங்க!" என்றார் சமையல்காரர். "எது ஒத்துக்காதுன்னு தெரியாததால பால், முட்டை, பருப்பு, மசாலா எல்லாத்தையும் நிறுத்திட்டோமே, அப்புறமும் எப்படி?"

முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். எழுவாயை விட்டுவிட்டு எழுதாதே, பொருள் மாறிப்போகும் என்று எத்தனை நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்! எது ஒத்துக்காது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு முட்டை மதிப்பெண்.

எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். "அத்தை, உப்பாவது ஒத்துக்கும்னு சொல்லியிருக்கலாமே!" இவர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

ஆரம்பத்திலிருந்து எல்லாம் கொண்டுவருகிறோம் என்று கெஞ்சினார்கள். "அதுக்கு இன்னும் மூணு மணி நேரம் ஆகுமே, உயிர் தாங்காது. வாங்க மாப்பிள்ளை, தெருமுனையில ஒரு கடை பாத்தேன்" என்று இவர் தொப் தொப்பென்று நடக்க, மாப்பிள்ளை பின்னாலேயே போனார்.

மீதி ஐந்து தட்டையும் நானும் மகளும் பேத்தியும் ஒன்றுவிடாமல் சாப்பிட்டோம். மகள் நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். அந்தத் தட்டில் புகை இல்லை.

மே 17, சனி

வீடு திரும்பினோம். ஷூவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மாப்பிள்ளை போன் செய்தார். எனக்கு இல்லை, இவருக்கு. சமையலறைத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுகிறார்களாம். "வெறுங்கையோட வந்துடாதீங்க மாமா" என்றாராம்.

அதிலிருந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறார். "என் கோலிக்குண்டு எங்க போச்சு? இங்கதானே இருந்துச்சு?" பத்து நிமிஷம் நானும் கூடவே தேடினேன். பிறகு, உங்கள் சட்டையில் பொத்தான் அறுந்திருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று தையல் பெட்டியை அவர் முன்னாலேயே திறந்தேன்.