தடுப்பணைப் படத்தில் அம்மா

அன்பு மகள் ஜெஸிக்கு,

முதியோர் வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. காலையில் தொடங்கினேன், வெயில் சாய்ந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

கல்வராயன் மலைத் தடுப்பணையைப் பற்றிய உன் கட்டுரையை, யாரும் காசில்லாமல் படிக்கும் பொறியியல் இதழுக்கு அனுப்பப் போகிறாய். படத்தில் முகம் தெரிகிறவர்களின் சம்மதம் வேண்டும் என்று தாள் அனுப்பியிருந்தாய். போனில், "கைநாட்டு போதும்ப்பா" என்றாய். கையெழுத்தே போட்டிருக்கிறேன், பார்.

இறந்தவருக்காக வீட்டார் கையெழுத்துப் போடலாம் என்று தாளிலேயே இருக்கிறது. நீயோ, வேலை ஜாஸ்தி, படத்தில் அம்மாவை வெட்டிவிடுகிறேன் என்றாய். வெட்டிவிடாதே, கண்ணு. அன்று அணையோரம் எங்களை நிற்கச் சொன்னபோது, "ஒசரம் காட்ட அளவுகோல் இருக்குதே, இந்தக் கெழவி இன்னாத்துக்குடி?" என்று உன்னைத் திட்டிக்கொண்டே அவள் தலை வாரிக்கொண்டாளே. அதற்கு மேல் என்ன சம்மதம்?

அவள் பெயரில் உள்ள ஞ எனக்கு வரவே இல்லை. சுவரெல்லாம் கரியால் இஞ்ஞாசியம்மாள் என்று எழுதிப் பழகினேன். திட்டுவதற்கு வீட்டில் யாரும் இல்லை. பிறகு அவளுக்காகவும் போட்டுவிட்டேன்.

இதழில் வந்ததும் அந்தப் படத்தை எனக்குப் பெரிதாக அச்சடித்துக் கொடு. தபாலில் வேண்டாம். நீயே கொண்டு வா.

உன் அப்பா