நீ இல்லாமல் படிக்கப் பழகுகிறேன்

என் தேவிக்கு,

பஸ்ஸில் நாம் உட்காரும் சீட்டில் இப்போது வேறு யாரோ உட்காருகிறார்கள். பார்க்க முடியாமல் முன்னால் போய் நின்றுகொள்கிறேன். நீ எங்கே நிற்கிறாய்டி?

முதல் செமஸ்டரில் கணக்குப்பதிவியலில் ஃபெயிலாகி நான் காலேஜ் படிக்கட்டில் அழுதபோது, "நீ படிக்கிறியா, இல்ல புஸ்தகத்த சும்மா பாத்துக்கினு இருக்கியா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் செவிலிமேட்டில் பஸ் ஏறியதும் என் போனைப் பிடுங்கி உன் பையில் போட்டுக்கொண்டாய். "நேத்து நடத்துனத பாக்காம எனக்குச் சொல்லு."

காலேஜ் இருக்கும் ஏனாத்தூர் வரும்வரை திக்கித் திணறிச் சொன்னேன். எனக்கு எது தெரியாதென்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. தினமும் அப்படியே போனோம். அரியரை முடித்தேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல். "சாதா ஜுரம்தான்டி, திங்கக்கெழம வந்துடுவேன்" என்றாய். அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து உன் உடலைத்தான் கொண்டுவந்தார்கள். ஏன் அப்படிச் சொன்னாய்?

நான் காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பரீட்சை நெருங்கிய நேரத்தில் உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். "சுதா, புஸ்தகத்த எடுத்துக்கினு எங்கூட்டுக்கு வாம்மா. படிக்கிற சத்தம் இல்லாம என்னால தறியில உக்கார முடியல."

போனேன். அவர் நெய்வார், நான் படிப்பேன். புத்தகத்தை மூடிவிட்டு அவருக்குச் சொல்லிக் காட்டுவேன். வருமான வரியெல்லாம் அவருக்கு என்ன புரியும்? ஆனாலும் நான் தடுமாறினால் தறியை நிறுத்திவிட்டு, "அப்பால?" என்பார். பாதியில் இருவரும் அழுத நாட்களும் உண்டு. முகம் கழுவிவிட்டு மறுபடி அதே பாடம். காலேஜுக்கும் மறுபடி பஸ் ஏறினேன்.

இன்று ரிசல்ட் வந்தது. ஓடிப்போய், "அம்மா, எல்லாத்துலயும் பாஸ்!" என்றேன். முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. அந்தச் சந்தோஷத்தில், பழக்கதோஷத்தில், "அவளுக்கு என்னா மார்க்கு?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த செமஸ்டருக்கும் அங்கேதான் படிப்பேன். டிகிரி முடிந்தாலும் போவேன். உன் அம்மாவைத் தனியாக விடமாட்டேன்டி.

அவருக்கு இப்போது மிச்சமிருக்கும் மகள்,
சுதா