குள்ளன் தலையில் போட்ட பழி

ஜூன் 5

தேவாலயக் கூடத்தில் மாலை வகுப்பு. பல நாட்டுப் புராணங்களுக்கும் நாட்டார் கதைகளுக்கும் ஓர் அறிமுகம் என்று பெயர். வருபவர்கள் எல்லோரும் பெண்கள். இன்று அன்னமாக வந்து ஒருத்தியைச் சேர்ந்த கிரேக்கக் கடவுளின் கதை. சிரித்தார்கள். மீன் ஆலையில் வேலை பார்க்கும் நாயரெத் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நம் சீலோயே தீவின் திராவ்கோ என்றேன் — காட்டில் தனியாகப் போகும் பெண்களை மயக்கும் குள்ளன். கூடம் சட்டென்று அடங்கிவிட்டது. ஏன்?

ஜூன் 7

நாயரெத் முழுகாமல் இருக்கிறாளாம். அவள் அம்மா ஓர்பெலினா வீட்டுக்கே வந்துவிட்டாள். மாத்தே தேநீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"அந்தக் குள்ளன் கதைய மட்டும் விட்டுருங்க டீச்சர். வெறகு பொறுக்கப் போனவள அவன் மயக்கிட்டான்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். ஒருத்தரும் அவளத் தப்பாப் பேசல. நீங்க பாட்டுக்கு அது வெறும் கதைன்னுட்டா?"

"நிஜமா யாரு?"

ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "ஆலை மேஸ்திரி கார்காமோ. இவ மாட்டேன்னு கத்தியும் விடல. நாங்க ரெண்டு பேருமே அவங்கீழதான் வேலை செய்றோம்."

ஜூன் 9

பாடத்தை விட்டுவிடலாமா? விட்டால் அந்தக் குள்ளன் கார்காமோவுக்கும் அல்லவா காவல்! நடத்தினால் அவள் பேர் — ஐயோ, எனக்கு ஒண்ணும் ஓடல.

ஜூன் 11

படகுத்துறையில் நாயரெத்தையே கேட்டேன். "நடத்துங்க," என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 12

இன்று வகுப்பு. அமேசான் கரையில் ஓங்கில் என்ற டால்பின் வெள்ளை உடுப்புப் போட்ட ஆணாகித் திருவிழாவுக்கு வந்து பெண்களை மயக்கும். இங்கே குள்ளன். கதையை மட்டும் சொன்னேன், விளக்கம் சொல்லவில்லை. நாயரெத் எழுந்தாள்.

"இந்தக் கதைங்கள்ல, என்ன நடந்துச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் கேட்டாங்களா டீச்சர்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா."

"அப்ப நானே சொல்றேன். எங்கிட்ட வந்தது குள்ளனில்ல. நல்ல உசரம். பேரு கார்காமோ."

மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர்பெலினா முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு மூலையில் இருந்து, ஆலையில் மீன் வெட்டும் ஈர்மா — "எங்கிட்டயும் அவந்தான்."

ஜூன் 16

ஆலைக்குப் போகும் காலைப் படகில் நானும் போனேன். ஆலைத் துறையில் கார்காமோ மட்டும் இறங்கினான். பெண்கள் ஒருவரும் எழவில்லை. காவல் நிலையம் அடுத்த துறையில் இருக்கிறது.